ஏழு மாசக் கடுவன் பூனை, சாயங்காலம் ஆனாலே காலைக் கவ்வுறான் – என்ன செய்யலாம்?

கார்முகில்:

வணக்கம் நண்பர்களே. எங்க வீட்டுல ஏழு மாசக் கடுவன் பூனை ஒன்னு வளருது, பேரு மிளகு. கருத்தடை ஆயிடுச்சு, தடுப்பூசியும் போட்டாச்சு. நல்லா சாப்பிடுறான். பிரச்சனை அவனோட கடிதான். பகல் பூரா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறவன், விளக்கு போட்டதும் ஆளே மாறிடுறான். சோபாவுக்கு அடியில பதுங்கி இருந்து, நடந்து போறவங்க கணுக்காலைப் பாஞ்சு பிடிக்கிறான். முன்னங்காலால கட்டிப் பிடிச்சுக்கிட்டு, பின்னங்கால் ரெண்டாலயும் சரசரன்னு உதைக்கிறான். விடியக்காலையில போர்வைக்குள்ள அசையுற கால்விரல் மேல பாயுறான்.

அதிகமா மாட்டுறது எங்க அம்மாதான். அவங்களுக்குச் சர்க்கரை இருக்கு, சின்னக் கீறல் கூட சீக்கிரம் ஆறாது. வேற யாருக்காவது குடுத்துடலாம்னு வீட்டுல பேச்சு ஆரம்பிச்சிடுச்சு. எனக்கு அவனை விட மனசே இல்ல. அதட்டிப் பார்த்தோம், இன்னும் குஷியாயிடுறான். பொம்மைகள் வீடு முழுக்கக் கிடக்கு, ஒன்னையும் திரும்பிப் பார்க்க மாட்டேங்கிறான். இது கோபமா? வயசானா தானா சரியாகுமா?

அந்திவானம்:

பயப்படாதீங்க, இந்த வயசுல நிறைய வீட்டுல நடக்குறதுதான். பதில் சொல்றதுக்கு முன்னாடி சில விஷயம் தெரியணும். பாயுறதுக்கு முன்னாடி சீறுறானா, உறுமுறானா? காது எப்படி இருக்கும்? தாய்கிட்டேருந்து எத்தனை வாரத்துல வந்தான்? பகல்ல வீட்டுல ஆள் உண்டா? யாராவது கையாலயே அவனோட மல்லுக்கட்டி விளையாடுறாங்களா?

கார்முகில்:

சீறல், உறுமல் எதுவும் கிடையாது. காது ரெண்டும் முன்னாடி நிமிர்ந்திருக்கும். பாயுறதுக்கு முன்னாடி பின்பக்கத்தை மட்டும் ஆட்டுவான். மாடிப்படிக்குக் கீழ தனியா கிடந்தவனை எடுத்துட்டு வந்தோம், அப்ப அஞ்சு வாரம் இருக்கும்னு டாக்டர் சொன்னார். பகல்ல அம்மா மட்டும்தான், அவங்களும் மதியம் படுத்துடுவாங்க. தம்பி கையை வெச்சுத்தான் விளையாடுவான், அவனைக் கடிச்சா சிரிப்பான்.

இன்னொன்னு கேட்க விட்டுப்போச்சு. மடியில படுத்துத் தடவச் சொல்லி சுகமா குர்குர்னு சத்தம் போட்டுக்கிட்டே இருப்பான், திடீர்னு திரும்பிக் கடிச்சிட்டு ஓடிடுவான். இதுவும் அதே பிரச்சனையா?

அந்திவானம்:

இப்ப தெளிவாயிடுச்சு. சத்தமில்லாத பதுங்கல், முன்னாடி நிமிர்ந்த காது, பின்பக்க ஆட்டம், கட்டிப் பிடிச்சு உதை. அச்சு அசல் வேட்டை இது. கோபம் துளியும் இல்ல. வீட்டுக்குள்ள அசையுற ஒரே இரை உங்க கால்தான், அதான் அதைப் பிடிக்கிறான்.

குட்டிங்க கடியோட அளவைக் கத்துக்கிறது கூடப் பிறந்ததுங்க கிட்டதான். ஒன்னு பலமாக் கடிச்சா மத்தது கத்திட்டு விளையாட்டை விட்டு விலகிடும். அம்மாவும் அதட்டும். மூணு மாசம் வரைக்கும் இந்தப் பாடம் நடக்கும், அதனாலதான் அதுவரைக்கும் குட்டியைப் பிரிக்காதீங்கன்னு சொல்றது. மிளகுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. போதாததுக்குத் தம்பியோட கை, மனுஷத் தோல்னா கடிக்கலாம்னு தினமும் சொல்லிக் குடுக்குது. தம்பியை உட்கார வெச்சுப் பேசுங்க. நாலு பேர் வீட்டுல ஒருத்தர் கை விளையாட்டுப் பொருளா இருந்தாலும், அம்மா கால் எது, தம்பி கை எதுன்னு பூனை பிரிச்சுப் பார்க்காது.

கடிக்கும்போது என்ன செய்யணும்னா, இழுக்காதீங்க. இழுத்தா அது தப்பிச்சு ஓடுற எலி, பிடி இறுகும், தோலும் கிழியும். அப்படியே அசையாம நில்லுங்க, வேணும்னா கையை அவன் வாய்ப்பக்கமா லேசாத் தள்ளுங்க. எந்த இரையும் வாய்க்குள்ள வராது, அதனால குழம்பிப் பிடியை விடுவான். விட்டதும் பேச்சுமூச்சு இல்லாம எழுந்து வேற அறைக்குப் போயிடுங்க. ஒரு நிமிஷம் போதும். கத்துறது, துரத்துறது, தூக்கி அடைக்கிறது எல்லாமே அவனுக்கு ஆட்டத்தோட அடுத்த பகுதிதான்.

ஆனா இது பாதிதான். வேட்டை ஆடியே ஆகணும், அதை எங்க ஆடுறதுன்னு காட்டிக் குடுக்கணும். தரையில கிடக்கிற பொம்மையை ஏன் சீண்டுறதில்லன்னு கேட்டீங்களே, அது செத்த இரை. 2002-ல வெளியான ஹால், பிராட்ஷா, ராபின்சன் ஆய்வுல, ஒரே பொம்மையைத் திரும்பத் திரும்பக் குடுத்தப்ப மூணாவது தடவையே பூனைகளுக்கு ஆர்வம் வடிஞ்சிடுச்சு. கொஞ்சம் வேற மாதிரி பொம்மை குடுத்ததும் மறுபடி பாஞ்சதுங்க. அதனால ரெண்டு மூணை மட்டும் வெளிய வெச்சுட்டு மத்ததை ஒரு பெட்டியில மூடி வைங்க, சில நாளைக்கு ஒரு தடவை மாத்துங்க.

குச்சி நுனியில கயிறு கட்டி, அதுல இறகோ துணி முடிச்சோ தொங்குற பொம்மை ஒன்னு வாங்குங்க, இல்ல செஞ்சுக்குங்க. உங்க கைக்கும் அவன் பல்லுக்கும் நடுவுல ஒரு மீட்டர் தூரம் கிடைக்கும். அதை ஆட்டுற விதம்தான் முக்கியம். நிறைய பேர் பூனை மூக்குக்கு நேரா தொங்க விட்டு ஆட்டுவாங்க. 25 சென்டிமீட்டருக்குள்ள இருக்கிறதைப் பூனைக் கண்ணால சரியாப் பார்க்க முடியாது, எந்த எலியும் பூனை முகத்துக்கு வந்து நிக்கவும் நிக்காது. தரையோட தரையா, அவனை விட்டு விலகி ஓடுற மாதிரி இழுங்க. தலகாணிக்குப் பின்னாடி கொண்டுபோய், நுனி மட்டும் தெரியுற மாதிரி நிறுத்துங்க. லேசா ஒரு நடுக்கம். மறுபடி அசைவில்லாம இருக்கட்டும். அவன் சும்மா உத்துப் பார்த்துக்கிட்டே இருந்தா, விளையாடலையேன்னு அவசரப்படாதீங்க. பார்க்கிறதும் வேட்டைதான். பின்பக்கம் ஆட ஆரம்பிச்சதும் இரையைச் சரேல்னு ஓட விடுங்க.

கட்டாயம் பிடிக்க விடணும். பிடிச்சதும் கயிறைத் தளர்த்திடுங்க, கடிக்கட்டும், உதைக்கட்டும். கடைசி ரெண்டு மூணு நிமிஷம் இரை களைச்சுப் போன மாதிரி வேகத்தைக் குறைச்சுக்கிட்டே வந்து, கடைசிப் பிடியை அவனுக்கே குடுத்துட்டு, உடனே சாப்பாட்டைத் தட்டுல வைங்க. வேட்டை, பிடி, சாப்பாடு, நக்கிச் சுத்தம் பண்றது, தூக்கம். பூனை உடம்பு இந்த வரிசையிலதான் ஓடுது. லேசர் விளக்குல இந்தப் பிடி கிடைக்கிறதே இல்ல, வெறியேத்திட்டு அந்தரத்துல விட்டுடும். அதை நான் வேண்டாம்னுதான் சொல்வேன்.

ஆட்டம் சாப்பாட்டுக்கு முன்னாடி இருக்கட்டும், பசியில இருக்கிற பூனை இன்னும் தீவிரமா விளையாடும். அவன் வெறி ஏழு மணிக்குத் தொடங்குதுன்னா நீங்க ஆறே முக்காலுக்கே குச்சியை எடுத்துடணும், கால்ல பாஞ்சதுக்கு அப்புறம் எடுத்தா கடிச்சதுக்குப் பரிசு குடுத்த மாதிரி ஆயிடும். தினம் ரெண்டு மூணு தடவை, பத்து நிமிஷம் போல. இது சின்ன விஷயமாத் தெரியலாம். எக்ஸெடர் பல்கலைக்கழகம் 2021-ல வெளியிட்ட ஆய்வுல, தினமும் 5 முதல் 10 நிமிஷம் ஆள் கூட விளையாடின பூனைகள் வீட்டுக்குக் கொண்டு வந்த இரை கால்வாசி குறைஞ்சிடுச்சு.

மடிக் கடி வேற கதை. அது ‘போதும்’னு சொல்றது. கடிக்கிறதுக்கு முன்னாடி வால் நுனி துடிக்கும், முதுகுத் தோல் அலை மாதிரி சிலிர்க்கும், காது பக்கவாட்டுல திரும்பும், கண்மணி விரியும். முதல் துடிப்பைப் பார்த்ததுமே கையை எடுத்துடுங்க. தாடைக்கு அடியிலும் கன்னத்திலும் தடவுங்க, வயித்துப் பக்கமும் வாலடியும் வேண்டாம். கொஞ்ச நேரம் தடவிட்டு நிறுத்துங்க, அவனே தலையால முட்டிக் கேட்டா மறுபடி தொடங்கலாம்.

வேப்பநிழல்:

இவ்வளவு எதுக்குங்க? தண்ணி பாட்டில் ஒன்னை வெச்சுக்கிட்டு மூஞ்சியில நாலு தடவை பீச்சுங்க, இல்ல கழுத்தைப் பிடிச்சு ஒரு அமுக்கு அமுக்குங்க. எங்க பெரியப்பா வீட்டுல அப்படித்தான் அடங்குச்சு.

அந்திவானம்:

வேப்பநிழல், அடங்கும்தான். ஆனா எதைக் கத்துக்கும்னு யோசிச்சுப் பாருங்க. தண்ணி எங்கேருந்து வருதுன்னு அதுக்குத் தெரியும். நீங்க இருக்கும்போது கடிக்காது, பாட்டில் இல்லாத அம்மா வந்தா கடிக்கும். சில பூனைக்கு விளையாட்டுக் கடி பயக் கடியா மாறிடும், அதைத் திருப்புறது ரொம்பக் கஷ்டம். இங்க கடி படுறவங்க சர்க்கரை உள்ளவங்க. அந்த வீட்டுல பூனையைப் பயமுறுத்துற எதையும் நான் சொல்ல மாட்டேன்.

வெண்பஞ்சு:

நான் கால்நடை மருத்துவமனை ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். விளையாட்டைப் பற்றி அந்திவானம் சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். அம்மாவின் காயம் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

பூனைப்பல் ஊசி போல மெல்லியது. வெளியே சின்னப் புள்ளியாகத் தெரியும், உள்ளே ஆழமாக இறங்கியிருக்கும், மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்ளும். பூனைகளின் வாயில் சாதாரணமாகவே இருக்கும் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா உள்ளே சிக்கினால், ஒரே நாளில் வீங்கிச் சிவந்துவிடும். கடி பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். சர்க்கரை உள்ளவருக்குப் பல் உள்ளே இறங்கியிருந்தால் வீங்கும் வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். டெட்டனஸ், ரேபிஸ் ஊசி தேவையா என்பதையும் அவர் முடிவு செய்யட்டும். பூனைக்குத் தடுப்பூசி போட்ட அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். பழக்கம் மாறும்வரை சாயங்காலத்தில் அம்மா கனமான காலுறையும் முழு நீள உடையும் போட்டுக்கொள்வது நல்லது. நக நுனியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டிவிடுங்கள், உள்ளே தெரியும் இளஞ்சிவப்புப் பகுதியைத் தொடாமல்.

பூனைக்கும் ஒருமுறை வாயைப் பார்க்கச் சொல்லுங்கள். 26 பால்பற்கள் விழுந்து 30 நிரந்தரப் பற்கள் முளைத்து முடிய ஆறு, ஏழு மாதம் ஆகும். விழாத பால்பல் ஏதாவது நின்றிருந்தால் ஈறு உறுத்தும், எதையாவது கடித்துக்கொண்டே இருப்பான். குறிப்பிட்ட ஓர் இடத்தைத் தொட்டால் மட்டும் கடிக்கிறான் என்றால் அங்கே வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கயிற்றுப் பொம்மையை ஆட்டம் முடிந்ததும் அலமாரியில் பூட்டிவிடுங்கள். பூனை நாக்கின் முட்கள் உள்நோக்கி வளைந்தவை, நூல் உள்ளே போனால் துப்ப வராது. குடலில் சிக்கி அறுத்துவிடும், பலமுறை அறுவை சிகிச்சை வரை போவதைப் பார்த்திருக்கிறேன். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், அப்படியே மருத்துவரிடம் தூக்கி வாருங்கள்.

குறிஞ்சிப்பூ:

இன்னொரு குட்டியைக் கூட்டிட்டு வாங்க அக்கா! ரெண்டும் ஒன்னையொன்னு கடிச்சுத் தீர்த்துக்கும். எங்க வீட்டுல நல்லாவே வேலை செஞ்சுது.

அந்திவானம்:

கிட்டத்தட்ட அதே வயசு, அதே துறுதுறுப்புள்ள குட்டின்னா உண்மையிலேயே உதவும். பாதியில விட்ட கடிப் பாடத்தைக் கூட அது கொஞ்சம் நடத்தும். ஆனா ரெண்டு பூனைக்கு மூணு மணல் தட்டு, தனித்தனிச் சாப்பாட்டு இடம், ஆரம்பத்துல சில வாரம் தனி அறை, எல்லாத்துக்கும் மேல ரெண்டையும் கடைசி வரைக்கும் வளர்க்கிற மனசு வேணும். ஒன்னையே குடுத்துடலாம்னு பேசுற வீட்டுல இப்போதைக்கு இது வேண்டாம் கார்முகில். முதல்ல குச்சி ஆட்டத்தைப் பாருங்க.

கார்முகில்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சில வாரம் கழிச்சு இப்பதான் வந்து எழுதுறேன். வாயைப் பார்த்த டாக்டர், மேல ஒரு பால் கோரைப்பல் விழாம, புதுப் பல்லோட ஒட்டி நிக்குதுன்னு சொல்லி எடுத்துட்டார். தம்பி கையை நிறுத்திட்டான். பழைய காலுறையில துணி அடைச்சு, மிளகு நீளத்துக்கு ஒரு உருளை செஞ்சு அவனே குடுத்தான். இப்ப உதையெல்லாம் அதுக்குத்தான்.

சாயங்கால ஆட்டம் பெரிய மாற்றம். தலகாணிக்குப் பின்னாடி நுனி மட்டும் தெரியுற வித்தை அப்படியே பலிக்குது. மூச்சு கூட விடாம பார்ப்பான், அப்புறம் ஒரே பாய்ச்சல். சாப்பிட்டு, காதைத் துடைச்சுக்கிட்டு, அம்மா பக்கத்துலயே சுருண்டு படுத்துடுறான். குடுத்துடலாம்னு இப்ப யாரும் பேசுறதில்ல. கணுக்கால் கடி அடியோட நிக்கல, ஆனா எப்பவாவதுதான், அதுவும் பல் பதியாம.

விடியக்காலை நாலு மணி மட்டும் இன்னும் தீரல. கால்விரலைக் கடிப்பான், எழுந்து சாப்பாடு வெச்சாத்தான் விடுறான். இதுக்கு ஏதாவது வழி சொல்லுங்க.

அந்திவானம்:

பல் விஷயம் தெரிஞ்சது ரொம்ப நல்லதாப் போச்சு. தம்பிக்கு என் சார்பா ஒரு சபாஷ் சொல்லுங்க.

விடியலும் அந்தியும் பூனை முழிச்சு வேட்டைக்குப் போற நேரம், அதனால அவன் எழுறதை மாத்த முடியாது. எழுந்தா உங்ககிட்ட வர்றதை மாத்தலாம். கடிச்சதும் சாப்பாடு வர்றதை முதல்ல நிறுத்தணும். நேரம் வெச்சா தானாத் திறக்கிற சாப்பாட்டுப் பெட்டி கிடைக்கும், அதை அவன் எழுப்புற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி வெச்சுடுங்க. சில நாள்ல உங்களை விட்டுட்டுப் பெட்டிகிட்ட போய்க் காத்திருப்பான். அப்புறம் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளிக்கலாம். பெட்டி இல்லேன்னா, படுக்கப் போகும்போது உலர் உணவை அட்டைப்பெட்டி ஓட்டைகள்லயும் அலமாரி மேலயும் சின்னச் சின்னதா ஒளிச்சு வைங்க. காட்டுப் பூனைங்க ஒரு நாளைக்குப் பத்துக்கும் மேல சின்னச் சின்ன இரை பிடிச்சுத் தின்னுறதுங்க, தேடித் தின்கிறது அவனுக்கு இயல்பு. மொத்த அளவைக் கூட்டாம, அன்னைக்கு உள்ள பங்குலேருந்தே எடுத்து வைங்க. படுக்கிறதுக்கு முன்னாடி இன்னொரு குச்சி ஆட்டம், முடிஞ்சதும் ராத்திரிச் சாப்பாடு.

நிறுத்தின புதுசுல முன்னைவிட அதிகமாக் கத்துவான், பிறாண்டுவான். அந்த நாட்கள்ல அசையாதீங்க. தடிப்பான போர்வையாப் போட்டுக்குங்க, அம்மா அறைக் கதவைச் சாத்திடுங்க. ஒரே ஒரு நாள் எழுந்து சாப்பாடு வெச்சாலும், இன்னும் கொஞ்ச நேரம் கத்தினாக் கிடைக்கும்னு முடிவு பண்ணிடுவான்.

கார்முகில்:

சரிங்க, இன்னைக்கு ராத்திரியிலேருந்தே ஆரம்பிக்கிறேன். அட்டைப்பெட்டியைத் தம்பி இப்பவே வெட்டிக்கிட்டு இருக்கான். பெட்டி வாங்கினதும் எந்த நேரம் ஒத்து வந்ததுன்னு இங்கேயே எழுதுறேன்.