ஆந்த்ரசீன் கரைசலில் வெள்ளைப் படிகம், யாராவது சொல்லுங்களேன்

எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக ஆந்த்ரசீனை (மூன்று பென்சீன் வளையங்கள் வரிசையாக ஒட்டிய சேர்மம்) டொலுவீன் என்ற கரைப்பானில் கரைத்து, குடுவையை ஜன்னலோரம் வைத்துவிட்டு மறந்துபோய் (என் தப்புதான்), நாலு நாள் கழித்து வந்து பார்த்தால் அடியில் வெள்ளைப் படிகம். யுவி (புற ஊதா) விளக்கைக் காட்டினால் கரைசல் இன்னும் நீலமாக ஒளிர்கிறது, படிகத்தில் மட்டும் ஒன்றுமே இல்லை. வெயில் பட்டால் இரண்டு மூலக்கூறுகள் நடு வளையத்தின் 9, 10ஆம் கார்பன்களில் ஒட்டிக்கொண்டு டைமர் (இரட்டை மூலக்கூறு) ஆகும் என்று தெரியும், 1860களிலேயே வேதியியலாளர் ஃபிரிட்சே கவனித்த விஷயம்தான். சூடாக்கினால் பழையபடி பிரிந்துவிடும், சரி. ஆனால் காற்றிலிருந்த ஆக்சிஜன் சேர்ந்து பெராக்சைடும் வந்திருந்தால்? பெராக்சைடு சூட்டில் வெடிக்கலாம், அதை நினைத்துத்தான் சூடாக்கப் பயம். மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் சோதனைக்கு இரண்டு வாரம் வரிசை. அதுவரை காத்திருக்காமல், யுவி நிறமாலையில் 340 முதல் 380 நானோமீட்டர் வரை வரும் ஆந்த்ரசீனின் ஒளி உறிஞ்சல் முகடுகள் காணாமல் போயிருப்பதை வைத்தே டைமர் என்று சொல்லலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.