பூர்வகுடிப் பொருளாதார மேம்பாட்டில் ஆலோசகர் பணி – ஆஸ்திரேலியா

கேள்வி: பொருளியலில் முதுகலை முடித்து அரசுத் துறையொன்றில் பணியாற்றிவரும் நான், ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களின் பொருளாதார மேம்பாடு, நலக்கொள்கை ஆகியவற்றில் ஆலோசகராக விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்குவது?

மறுமொழி 1: நலக்கொள்கையின் வரலாற்றிலிருந்து தொடங்குங்கள். வேலையற்றோருக்கான உதவித்தொகையைத் தனித்தனியே வழங்காமல், சமூக அமைப்புகளிடம் மொத்தமாக அளித்து உள்ளூர்ப் பணிகளுக்கு ஊதியமாக்கிய சிடிஇபி (சமூக மேம்பாட்டு வேலைவாய்ப்புத் திட்டங்கள்) 1977-இல் தொடங்கியது. அது ஏன் கைவிடப்பட்டது என்பதில் இன்றும் ஒருமித்த கருத்தில்லை. வடக்குப் பிராந்தியத்துப் பூர்வகுடி ஊர்களில் 2007-இல் நடந்த அரசுத் தலையீடு இன்னும் கசப்பானது. உதவித்தொகையில் பாதியை உணவு, வாடகை போன்ற தேவைகளுக்கே செலவிட வேண்டும் என்று விதிக்க, 1975-ஆம் ஆண்டின் இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டத்தையே அங்கு நிறுத்திவைத்தார்கள். இதை அறியாமல் ஊர்க்கூட்டத்தில் பேச எழுந்தால் உங்களை யாரும் நம்பமாட்டார்கள்.

மறுமொழி 2: முந்தைய பதிலோடு நிலவுரிமையையும் சேர்க்க வேண்டும். பூர்வகுடியினரின் நிலவுரிமையை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் ஏற்ற 1992 மாபோ தீர்ப்பைத் தொடர்ந்து வந்த 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி கிடைக்கும் பூர்விக நிலவுரிமையைச் சந்தையில் விற்கவோ வங்கியில் அடகு வைக்கவோ இயலாது. ஆகவே கடன் வாங்கித் தொழில் தொடங்கலாம் என்ற வழக்கமான அறிவுரை அங்கு எடுபடாது. இந்தச் சட்டப்படி சுரங்க நிறுவனங்களோடு பேச்சு நடத்தும் உரிமை உண்டு, சுரங்கத்தைத் தடுக்கும் அதிகாரம் இல்லை. ஒப்பந்தத் தொகை யார் கையில், எந்த நிபந்தனையோடு சேர்கிறது என்று வரிவரியாகப் படிக்கத் தெரிந்தவருக்கே இங்கு வேலை.

மறுமொழி 3: ஒன்று மட்டும்: ஆலோசனைப் பணிக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், நீங்கள் எழுதும் அறிக்கை யாருக்குச் சொந்தம், சமூகத்தினருக்கு அதன் பிரதி கிடைக்குமா என்று கேளுங்கள்.