பொருள்: ‘ஜெல் கோட்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:
அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம். ஃபைபர் கிளாஸ் பாடி கொண்ட பழைய கார்களை வீட்டிலேயே பழுதுபார்த்து வண்ணம் அடிப்பதற்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். பெங்களூரில் 1980களில் தயாரான சிபானி டால்பின் காரை இன்றும் பேணி வருவோரை மனத்தில் வைத்துச் செய்யும் வேலை இது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பிசின், பட்டி, உப்புத்தாள் என மற்றவற்றுக்குப் பட்டறைச் சொற்களே போதுமானவையாக இருக்கின்றன. பாடியின் வெளிமுகமாக அமையும் மெல்லிய பிசின் அடுக்கான ‘ஜெல் கோட்’டுக்கு மட்டும் சொல் அகப்படவில்லை. ‘மேற்பூச்சு’ எனலாமா?

பட்டறை நடத்தும் அன்பர்:
ஐயா, ‘மேற்பூச்சு’ வேண்டாம். அதைப் படிப்பவர் பெயிண்ட் என்றே கொள்வார். ஜெல் கோட், பாடி உருவான பின் மேலே பூசப்படுவதன்று. பாடியை வார்க்கும் அச்சுக்குள் முதலில் தெளிக்கப்படுவது அதுவே. அதன்பிறகுதான் கண்ணாடி இழைப் பாயையும் பாலியெஸ்டர் பிசினையும் அடுக்குகிறார்கள். இது தெரியாதவர் நட்சத்திர வடிவில் ஓடும் விரிசலைப் பெயிண்டின் குறை என்றெண்ணி, விரிசலின் அடிவரை தேய்த்துத் திறக்காமல் பட்டி தடவி வண்ணம் அடித்துவிடுவார். நாளடைவில் அதே கோடு மேலே வந்து நிற்கும். தகர பாடிக்கான பெயிண்ட் நீக்கியைத் தடவி அந்த அடுக்கையே கெடுப்பவர்களும் உண்டு.

தமிழாசிரியர்:
தொல்காப்பிய மரபியல் புறத்தே வயிரம், அதாவது கெட்டியான பகுதி, உடையதைப் புல் என்றும், அகத்தே வயிரமுடையதை மரம் என்றும் பிரிக்கிறது. அங்கே ‘புறக்காழ்’ ஆயத்தமாக இருக்கிறது. காழ் என்பதற்கு வயிரம், விதை, மணிவடம் எனப் பல பொருள்கள் உண்டு. மனத்தில் இறுகிப்போன பகையைக் காழ்ப்பு என்பதும் இவ்வேரின் கிளையே என்பது என் துணிபு. இத்தகைய சொல் இருக்கப் புதிதாக ஏன் தேட வேண்டும்?

பொறியியல் பேராசிரியர்:
ஐயா, சொல் இனியது, பொருள் பொருந்தவில்லை. ஜெல் கோட் மெல்லியது, எளிதில் விரிசல் விடுவது. வலிமை முழுவதும் உள்ளிருக்கும் இழையில்தான். ஆகவே இங்கே காழ் அகத்தே இருக்கிறது. நான் ‘உறைபூச்சு’ என்பேன். பாலில் இடும் உறைமோர் போலப் பிசினில் நூற்றுக்கு 1 அல்லது 2 பங்கு ஹார்டனர் சேர்த்தால் அது கூழாகிப் பின் இறுகுகிறது. வினைத்தொகையாதலால் ஒற்று மிகாது; ‘உறைப்பூச்சு’ என எழுதினால் உறையாக அமைந்த பூச்சு என்று பொருள் மாறிவிடும் என்பதைப் பதிப்பாசிரியர் கவனிக்க வேண்டும்.

பட்டறை நடத்தும் அன்பர்:
அம்மா, மெழுகு சேராத ஜெல் கோட்டைக் காற்றுப்பட விட்டால் அதன் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே இருக்கும். ‘உறைபூச்சு’ என்று படித்தவர், உறையவில்லையே என அடுத்த கலவையில் ஹார்டனரைக் கூட்டுவார். அது அளவுக்கு மீறிச் சூடேறி விரிசல் விடும். கடைக்குப் போனாலும் ‘ஜெல் கோட்’ என்று கேட்டால்தான் பொருள் கைக்கு வரும். தூய தமிழை நான் மறுக்கவில்லை. கையேடு வேலைக்கு உதவ வேண்டும் என்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:
குழுமத்தின் மற்ற நண்பர்களில் பெரும்பாலோர் ‘உறைபூச்சு’க்கு இசைந்திருப்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வோர் இயலிலும் அது முதன்முறை வரும்போது ‘ஜெல் கோட்’ என்பதும் உடன் வரும். பொருள்கள் வாங்கும் பட்டியலிலும், முகமூடி, காற்றோட்டம் பற்றிய எச்சரிக்கைகளிலும் ‘ஜெல் கோட்’ மட்டுமே நிற்கும். மெழுகு பற்றிய குறிப்பைக் கலவை செய்முறைக்கு முன்னதாகவே கொண்டு வருகிறேன்.

தமிழாசிரியர்:
எனக்கு இசைவில்லை. ‘உறைபூச்சு’ அது இறுகும் விதத்தைச் சொல்கிறதேயன்றி இருக்கும் இடத்தைச் சொல்லவில்லை; பட்டறை அன்பரின் முதல் கவலையோ இடத்தைப் பற்றியது. புறக்காழை விட்டுவிடுகிறேன். மறுபதிப்புக்கு முன் ‘முகவடுக்கு’ (முகம் + அடுக்கு) என்பதையேனும் எண்ணிப் பார்க்குமாறு வேண்டுகிறேன்.