எக்கோ இயல்பாக இருந்தும் மகனால் ஓட முடியவில்லை: அடுத்து எந்தச் சோதனை?

கேள்வி: மதுரையிலிருந்து ஒரு தந்தை

என் மகனுக்கு 11 வயதில் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் கண்டறியப்பட்டு, ஏ.பி.வி.டி. எனப்படும் நான்கு மருந்துகள் சேர்ந்த கீமோதெரபி 6 சுற்றுகளும் நெஞ்சின் நடுப்பகுதிக்கு 20 கிரே கதிர்வீச்சும் தரப்பட்டன. சிகிச்சை முடிந்து 8 ஆண்டுகள் ஆகின்றன, நோய் திரும்பவில்லை. இப்போது காவலர் தேர்வுக்குத் தயாராகிறான். 1500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் ஓடி முடிக்க வேண்டும். ஆனால் 800 மீட்டரைத் தாண்டியதும் மூச்சிரைத்து நின்றுவிடுகிறான். எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பார்த்த மருத்துவர், இதயம் ரத்தத்தை வெளியேற்றும் விகிதம் 60 சதவீதம் இருக்கிறது, பயிற்சிதான் போதவில்லை என்கிறார். மற்றொருவரோ, இந்த நோய் வந்த பிள்ளையை ஓடவே விடாதீர்கள் என்கிறார். இருவரில் யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறோம். இதயமும் நுரையீரலும் எவ்வளவு தாங்கும் என்பதை உள்ளபடி அளந்து சொல்லும் சோதனை ஏதேனும் உண்டா?

பதில் 1: உடற்பயிற்சிச் சோதனைக்கூடத்தில் பணியாற்றும் பிசியோதெரபிஸ்ட்

ஐயா, எக்கோ சொல்வது பொய்யில்லை. ஆனால் அது படுத்திருக்கும் இதயத்தைப் பற்றி மட்டுமே சொல்கிறது. உங்கள் மகனுக்குத் தொல்லை வருவது ஓடும்போது. ஆகவே ஓடும்போதே அளக்க வேண்டும். அதற்கென்று உள்ளதுதான் சி-பெட் எனப்படும் இதய-நுரையீரல் உடற்பயிற்சிச் சோதனை. முகமூடி அணிவித்து, சுமையைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே, ஒவ்வொரு மூச்சிலும் எவ்வளவு ஆக்சிஜன் உள்ளே செல்கிறது, எவ்வளவு கரியமில வாயு வெளியே வருகிறது என்று அளப்பார்கள். உடல் எட்டும் உச்ச ஆக்சிஜன் நுகர்வு, ஒரு கிலோ எடைக்கு நிமிடத்திற்கு இத்தனை மில்லிலிட்டர் என்று கிடைக்கும்.

இந்தச் சோதனையின் அருமை அந்த ஒற்றை எண்ணில் இல்லை, எது தடுக்கிறது என்பதைப் பிரித்துக் காட்டுவதில்தான் இருக்கிறது. இதயம் ஈடுகொடுக்காவிட்டால், ஒரு துடிப்புக்கு உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் ஓர் அளவுக்கு மேல் உயராமல் தட்டையாகிவிடும். நுரையீரல் தடுத்தால், மூச்சின் கையிருப்பு தீர்ந்துபோகும், ரத்த ஆக்சிஜனும் இறங்கும். இவை இரண்டும் இல்லாமல் உச்ச அளவு மட்டும் குறைந்திருந்தால், பெரும்பாலும் தசையும் பயிற்சியின்மையும்தான் காரணம். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரிலுள்ள செயின்ட் ஜூட் மருத்துவமனை 2020இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் புற்றுநோயிலிருந்து மீண்டு, இதயத்தைப் பாதிக்கக்கூடிய சிகிச்சை பெற்றிருந்த பெரியவர்களில் ஏறத்தாழ 64 சதவீதத்தினர், எதிர்பார்க்கப்படும் உச்ச நுகர்வில் 85 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. அத்தகைய சிகிச்சை பெறாமலேயே புற்றுநோயிலிருந்து மீண்டவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோரின் நிலை அதுவே. எனவே இதயத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வருவது தவறு.

ஆறு நிமிட நடைச் சோதனையோடு யாரேனும் நிறுத்திக்கொண்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 19 வயதுப் பையன் அதில் எளிதாகத் தேறிவிடுவான். சாதாரண ட்ரெட்மில் சோதனை கிடைத்தால் ஓரளவு உதவும், ஆனால் அது திறனைக் கணித்துச் சொல்லுமே தவிர அளக்காது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஓடினால் அந்தக் கணிப்பும் கூடுதலாகவே வரும்.

ஒன்றை நீங்களே கணக்கிடலாம். ஏ.பி.வி.டி.யின் ஒவ்வொரு சுற்றிலும், இதயத்தைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோரூபிசின் என்ற மருந்து, உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 25 மில்லிகிராம் வீதம் இரண்டு முறை தரப்படுவது வழக்கம். 6 சுற்றுக்கு மொத்தம் 300 மில்லிகிராம் ஆகிறது. 250ஐ எட்டினாலே இதயத்திற்கு அதிக ஆபத்துள்ளவர் என்று பன்னாட்டு வழிகாட்டுதல் வகைப்படுத்துகிறது. அவர்களுக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறை எக்கோ எடுக்க வேண்டும் என்று 2023இல் அது திருத்தப்பட்டது. ஒருமுறை இயல்பாக வந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

பதில் 2: நுரையீரல் மருத்துவர்

முந்தைய பதிலோடு உடன்படுகிறேன். நான் சேர்க்க வேண்டியது ப்ளியோமைசின் பற்றி. ஏ.பி.வி.டி.யில் உள்ள இந்த மருந்து நுரையீரலில் தழும்பை உண்டாக்கக்கூடியது. நெஞ்சுக் கதிர்வீச்சும் அதனோடு சேர்ந்திருக்கிறது. ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி இயல்பாக இருந்தாலும், காற்றுப் பையிலிருந்து வாயு ரத்தத்திற்குள் கடக்கும் திறனை அளக்கும் டி.எல்.சி.ஓ. குறைந்திருக்கலாம். அதைத் தனியாகக் கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் அளவையும் அதே நாளில் பாருங்கள், ஏனெனில் ரத்தச்சோகை இருந்தால் அந்த எண் தாழ்ந்தே வரும். பிற்காலத்தில் எந்த அறுவைச் சிகிச்சைக்குச் சென்றாலும், ப்ளியோமைசின் பெற்றவர் என்பதை மயக்கமருந்து மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும்.

பதில் 3: சிறுவயதில் ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்

அண்ணா, தம்பியை ஓடவே விடாதீர்கள் என்று சொன்னவரின் பேச்சை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. என்னையும் அப்படித்தான் வளர்த்தார்கள். பள்ளியில் விளையாட்டு வகுப்பு முழுவதும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். 28 வயதில் இந்தச் சோதனையைச் செய்தபோது ட்ரெட்மில்லில் மூச்சுக்கு முன்பே என் கெண்டைக்கால் தளர்ந்துவிட்டது. வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்து பாதித்த நரம்புகள்தாம் காரணம் என்றார்கள். சைக்கிளில் மறுபடி செய்தபோது இதயமும் நுரையீரலும் நன்றாகவே இருந்தன. தம்பியின் காலையும் பார்க்கச் சொல்லுங்கள். சைக்கிளில் கிடைக்கும் உச்ச அளவு ட்ரெட்மில்லைவிடச் சற்றுக் குறைவாக வரும் என்பதால், அடுத்த முறையும் அதே கருவியில் செய்தால்தான் ஒப்பிட முடியும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். டாக்ஸோரூபிசின் 300 என்றே எழுதியிருக்கிறது. ஆனால் 5ஆம் சுற்றிலிருந்து ப்ளியோமைசின் நிறுத்தப்பட்டதாக ஒரு வரியும் இருக்கிறது, காரணம் எழுதவில்லை. அப்போது அவனுக்குக் காய்ச்சலில்லாத வறட்டு இருமல் இருந்தது என்று என் மனைவி சொல்கிறாள்.

பதில் 2 எழுதியவர்

ஐயா, அந்த ஒரு வரியை விட்டுவிடாதீர்கள். நுரையீரல் பாதிக்கப்படுவதாக ஐயம் எழும்போது இந்த மருந்தை நிறுத்துவது வழக்கம். டி.எல்.சி.ஓ.வை முதலில் எடுத்துவிட்டு, கோப்போடும் அந்த முடிவோடும் சி-பெட் சோதனைக்குச் செல்லுங்கள். அதுவரை அவன் நடக்கலாம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய அளவுக்கு மெதுவாக ஓடவும் செய்யலாம்; கடிகாரம் வைத்து நேரம் கணக்கிட்டு வேகமாக ஓடுவதை மட்டும் நிறுத்தி வையுங்கள்.