செல்வந்தர்களிடம் கூடிய வரி அறவிடுவது நியாயமா?

வெள்ளவத்தை வாசகர்: 2024 ஜனவரியில் இலங்கையில், பொருட்களின் விலையோடு சேர்த்து அறவிடப்படும் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாக உயர்ந்த பின்னர், புறக்கோட்டையில் மூட்டை சுமப்பவரும் கறுவாத்தோட்டத்து மாளிகைக்காரரும் ஒரு சவர்க்காரத்துக்கு ஒரே வரியையே செலுத்துகின்றனர். வசதி படைத்தவரிடம் கூடுதலாக அறவிடுவதுதானே முறை?

கொட்டாஞ்சேனைக் கணக்காளர்: வருமான வரியில் அந்த ஏற்பாடு ஏற்கனவே உண்டு, 2023 முதல் அதன் உச்ச வீதம் 36. ஆயினும், மாதாமாதம் சம்பளத்திலேயே வரி கழிக்கப்படும் வைத்தியரும் பொறியியலாளரும் அதனைத் தவிர்க்க இயலாதிருக்க, வெறுங்காணியாகக் குவிந்து பெறுமதி ஏறிக்கொண்டிருக்கும் செல்வம், விற்கப்படும்வரை வருமானமாகக் கணக்கில் வருவதே இல்லை. என் கவலை அங்கேதான் இருக்கிறது.

பம்பலப்பிட்டி வாசகி: உச்ச வீதத்தை மேலும் உயர்த்தினால் படித்தவர்கள் நாட்டை விட்டுப் போவார்கள் என்று அஞ்சுகிறேன். ஆகவே, பெருஞ்சொத்துகள் மீதான வரியையே ஆதரிக்கிறேன்.