ஃபிரிட்ஜோடு பட்ட பாடு: மறக்க முடியாமல் போன ஒரு நாள்

தேவனாம்பட்டினத்துக்காரி:

இது நடந்து 3 ஆண்டுகள் ஆகின்றன. அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. எங்களுடையது ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ், பனியை நாமே உருக்க வேண்டிய வகை. ஃப்ரீசரில் விரல் கனத்துக்குப் பனி ஏறியதும் உருக்கிவிட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை. எங்கள் வீட்டில் அது உள்ளங்கை அகலத்துக்கு ஏறியிருந்தது. மாமியார் வருகிறார் என்று முதல்நாள் வாங்கி வைத்த வஞ்சிரத் துண்டுகள் பையோடு பனியில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தன. ஃபிரிட்ஜை அணைத்துக் கால் மணி நேரம் பொறுத்தேன். அதற்கு மேல் பொறுமையில்லாமல், காய் நறுக்கும் கத்தியின் முனையைப் பைக்கு அடியில் விட்டு நெம்பினேன்.

உஸ்ஸென்று ஒரு சீறல். மீனை விட்டுவிட்டு, பஞ்சரான சைக்கிள் டியூபை அமுக்குவதுபோல் கட்டைவிரலை அந்த இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன். விரல் மரத்துப்போயிற்று, ஆனாலும் எடுத்தால் உள்ளே இருக்கும் கேஸ் எல்லாம் போய்விடும் என்று எடுக்க மனம் வரவில்லை. இரண்டடி தள்ளி அடுப்பில் புளி கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பு எரிகிறது என்பதே அப்போது எனக்கு உறைக்கவில்லை. மறுநாள் மெக்கானிக் வந்து ஃபிரிட்ஜைத் திருப்பியபோதுதான், பின்புறம் மஞ்சள் முக்கோணத்துக்குள் தீச்சுடர் வரைந்து ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். அலுமினியத் தகட்டுக்குள்ளேயே வாயு ஓடும் பாதை இருப்பதால், ஓட்டையை அடைத்தாலும் எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்ல முடியாது என்றார். புதியது வாங்கிவிட்டோம். அந்த அடுப்பை நினைத்தால்தான் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

முத்தியால்பேட்டை வாசி:

சகோதரி சொல்வதைப் படிப்பவர்கள் தேவைக்கு மேல் பயந்துவிடக் கூடாது. அந்த முக்கோணம் ஒட்டிய ஃபிரிட்ஜில் இருப்பது ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். நம் சமையல் வாயுவுக்குப் பங்காளி. ஆனால் வீட்டு ஃபிரிட்ஜில் அதற்கு 150 கிராம் என்று உச்சவரம்பு உண்டு. பெரும்பாலானவற்றில் அதில் பாதிகூட இராது. அடுப்படியில் நாம் அஞ்சாமல் வைத்திருக்கும் சிலிண்டரில் 14.2 கிலோ இருக்கிறது. ஜன்னலைத் திறந்து, அடுப்பை அணைத்து, எந்தச் சுவிட்சையும் தொடாமல் சற்று விலகியிருந்தால் போதும். கட்டைவிரல் வேலை வீண்.

என் மனக்குறை வேறு. எங்கள் வீடு கடலுக்கு மிக அருகில் இருக்கிறது. சன்னல் கம்பி, மிதிவண்டிச் சங்கிலி எதுவும் துருவுக்குத் தப்புவதில்லை. ஒரு கோடையில் ஃபிரிட்ஜ் குளிரவில்லை. வந்தவர் கேஸ் தீர்ந்துவிட்டது என்றார், நிரப்பினார், போனார். எட்டு மாதத்தில் மறுபடியும் தீர்ந்தது. அதற்குப் பிறகும் ஒரு முறை. மூன்று முறையும் பணம் கொடுத்தேனே தவிர, தீர்வதற்கு அது என்ன மண்ணெண்ணெயா என்று ஒரு முறையும் கேட்கத் தோன்றவில்லை. அடைத்து மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வரும் வாயு செலவாவதே இல்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள்.

நான்காம் முறை வேறொரு பெரியவரை அழைத்தேன். அவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. ஃபிரிட்ஜை ஓடவிட்டுப் பின்பக்கம் குந்தி, டார்ச் அடித்து, கறுப்புக் கம்பி வலையை விரலால் தடவிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது. கம்பிரசர் எண்ணெய் வாயுவோடு கூடவே சுற்றுகிறது. வாயு வெளியேறும் இடத்தில் அதுவும் கசிந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும் என்றார். சோப்பு நீரைத் தூரிகையில் தொட்டு வைத்தார். ஒரே ஒரு குமிழி, குண்டூசித் தலையளவில் எழுந்து, மெல்லப் பருத்து, வெடித்து, மறுபடியும் எழுந்தது. பெயிண்ட் உரிந்து துரு தின்ற ஒரு புள்ளி அது. மூன்று முறை நான் கொடுத்த பணம் அந்தக் குமிழி வழியாகத்தான் போயிருக்கிறது.

திருப்பாப்புலியூர் ஓய்வு ஆசிரியர்:

முத்தியால்பேட்டை ஐயாவுக்காவது மூன்று முறையும் கேஸ் உண்மையிலேயே குறைந்திருந்தது. எனக்குப் பழுதே இல்லாத பொருளை மாற்றினார்கள்.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்ததை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவுக்கு 17 நாட்கள் மின்சாரம் இல்லை. அத்தனை நாளும் ஃபிரிட்ஜ் எங்களுக்கு எறும்பு ஏறாத அலமாரியாகப் பயன்பட்டது. மின்சாரம் வந்த அன்று மாலை ஆசையோடு பிளக்கைச் செருகினேன். ஐந்தாறு நொடி உறுமல், பிறகு ‘டக்’. இரண்டு மூன்று நிமிடம் அமைதி, மறுபடியும் உறுமல், மறுபடியும் ‘டக்’. இரவு முழுவதும் அதை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். மறுநாள் வந்தவர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, கம்பிரசர் போய்விட்டது என்று ஒரே வார்த்தையில் முடித்தார். வேறு கம்பிரசர் போட்டு, வாயு நிரப்பி, பழையதைச் சாக்கில் கட்டி எடுத்துப் போனார். தெருமுனையை அவர் தாண்டியிருக்க மாட்டார். புதிய கம்பிரசர் உறுமிற்று, ‘டக்’ என்றது.

பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் தம்பி வந்து மீட்டரை வைத்தார்: 160 வோல்ட். வீட்டில் குண்டு பல்புகள் மஞ்சளாய் எரிந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். “உங்கள் ஃபிரிட்ஜுக்கு ஒன்றுமில்லை சார், கரண்டுதான் நோஞ்சானாக இருக்கிறது” என்றார். மின்னழுத்தம் போதாமல் மோட்டார் சுழலத் தொடங்க முடியாதபோது அதிக மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும். அது எரிந்து போகாமல் இணைப்பைத் துண்டிக்கும் சிறு பாதுகாப்புச் சில்லின் ஓசைதான் அந்த ‘டக்’. முப்பத்தைந்து ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவன் நான்.

ரெயின்போ நகர் மாடிவீடு:

ஃபெஞ்சல் புயலுக்கு மறுநாள், 2024 டிசம்பர் 1 காலையில், கீழ்வீட்டு ஃபிரிட்ஜ் மல்லாந்து கூடத்தில் மிதந்ததை மாடிப்படியில் நின்று பார்த்தேன். என் அனுபவம் அவ்வளவுதான். ஆனால் இங்கே எழுதியிருப்பவர்கள் எல்லோரும் தவிர்த்திருக்கக் கூடிய தவறுகளையே செய்திருப்பதால் சில செய்திகளைச் சொல்லியாக வேண்டும்.

வெள்ளத்தில் நனைந்த ஃபிரிட்ஜை, வெளியே உலர்ந்துவிட்டது என்று நம்பிப் பிளக்கைச் செருகக் கூடாது. கம்பிரசர் மோட்டாரைத் தொடக்கிவிடும் ரிலே, கம்பிரசரின் பக்கவாட்டில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் இருக்கிறது. அதைக் கழற்றிப் பார்த்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். ஆசிரியர் ஐயா ஒரு ஸ்டெபிலைசர் வைத்திருந்தால் கம்பிரசரை இழந்திருக்க மாட்டார். அதிலும் மின்சாரம் திரும்பி வந்ததும் மூன்று நிமிடம் தாமதித்துக் கொடுக்கும் வகையை வாங்க வேண்டும், ஏனெனில் நின்ற உடனே மறுபடியும் ஓடச் சொன்னால் குழாயில் அழுத்தம் சமமாகாமல் கம்பிரசர் திணறும். தேவனாம்பட்டினத்துச் சகோதரி ஃப்ரீசருக்குள் ஒரு கிண்ணம் வெந்நீர் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தால் அரை மணியில் மீன் தானாகக் கழன்றிருக்கும். கதவின் ரப்பர் தளர்ந்திருக்கிறதா என்று அறிய, ஒரு பத்து ரூபாய்த் தாளை இடுக்கில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் ஈரக்காற்று உள்ளே போகிறது, பனி கட்டுவதற்கு அதுவே பாதிக் காரணம். சுவருக்கும் ஃபிரிட்ஜுக்கும் இடையே நான்கு விரல் இடைவெளியாவது விடுங்கள். பின்புற வலையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை உலர்ந்த தூரிகையால் துடையுங்கள்; கடலோரத்தில் இருப்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை துடைத்தாலும் தகும். சூடான சாம்பாரை அப்படியே உள்ளே வைக்காதீர்கள். கீழே 4 டிகிரி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரி இருந்தால் போதுமானது. குளிரைக் கூட்டிக் குறைக்கும் குமிழை எப்போதும் உச்சத்தில் வைப்பது…

தேவனாம்பட்டினத்துக்காரி:

ஐயா, வெந்நீர்க் கிண்ணம் எனக்கும் தெரியும். அன்று அதைச் செய்யாததைத்தான் எழுதினேன். உங்கள் கீழ்வீட்டுக்காரருக்கு என்ன ஆயிற்று, அதைச் சொல்லுங்கள்.

ரெயின்போ நகர் மாடிவீடு:

அவர் ஒரே வாரத்தில் வீட்டைக் காலி செய்துவிட்டார். ஃபிரிட்ஜ் இன்னும் வண்டி நிறுத்துமிடத்தில் நிற்கிறது.

வில்லியனூர் அப்பா:

என்னுடையது பழுது அல்ல. பராமரிப்பு என்று சேர்த்துக்கொள்ளலாம். மகனுக்கு டெங்கு வந்து ஒன்பது நாட்கள் மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பிய வாரம், சுகாதாரப் பணியாளராக ஓர் அம்மா வந்தார். தொட்டியைப் பார்த்தார், மாடியில் தேங்காய் ஓட்டைத் தேடினார், ஒன்றும் கிடைக்கவில்லை. நான் சற்றுப் பெருமையாகவே நின்றிருந்தேன். “ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டைக் கழுவி எத்தனை நாள் ஆகிறது?” என்றார். அப்படி ஒரு தட்டு இருப்பதே எனக்குத் தெரியாது. உருகிய பனிநீர் வடிந்து, கம்பிரசரின் சூட்டில் ஆவியாகட்டும் என்று வைத்திருக்கிறார்களாம். மழைக்காலத்தில் முழுவதும் ஆவியாவதில்லை. அவர் அதை உருவி டார்ச் அடித்தார். விரல் கனத் தண்ணீர், அதில் கொக்கிபோல் வளைந்து வளைந்து ஏறி இறங்கும் புழுக்கள், இருபதுக்குக் குறையாது. மகன் படுக்கும் கட்டில் அந்தச் சுவருக்கு அந்தப்புறம்தான் இருக்கிறது. அவர் எதுவும் பேசவில்லை, வாசலில் வெயிலில் கவிழ்த்தார்.

தேவனாம்பட்டினத்துக்காரி:

இதைப் படித்துவிட்டு இப்போதுதான் புதிய ஃபிரிட்ஜை நகர்த்திப் பார்த்தேன். தட்டு இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது, புழு இல்லை. ஒரு கரப்பான் பூச்சியும், மூன்று ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்த புளிக்கரண்டியும் கிடைத்தன.