கடலூர்–புதுச்சேரி தினமும் போய்வர மின்சார ஸ்கூட்டர் சரிவருமா?

கேள்வி:
வீடு மஞ்சக்குப்பம், வேலை புதுச்சேரியில். போக வர ஏறக்குறைய 45 கிலோமீட்டர். இதுவரை கியர் பைக் மட்டும்தான் ஓட்டியிருக்கிறேன். ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? முதல் மாடி வாடகை வீடு என்பதால் சார்ஜ் போடுவதும் கவலையாக இருக்கிறது.

பதில் 1:
தம்பி, நான் தவளக்குப்பத்திலிருந்து இரண்டு வருடமாக ஓட்டுகிறேன். முதல் நாள் என் இடது கை பழக்கதோஷத்தில் கிளட்ச் என்று நினைத்துப் பின் பிரேக்கை இறுக்கிவிட்டது. வண்டி சறுக்கி, முழங்கால் சிராய்ந்தது. அதனால் கடைத்தெருவில் ஓட்டிப் பார்க்காதீர்கள். காலை ஆறு மணிக்கு தேவனாம்பட்டினம் கடற்கரைச் சாலைக்குப் போங்கள். இன்னொன்று, வண்டி ஆனில் இருந்தாலும் சத்தமே வராது. தள்ளும்போது கை தெரியாமல் திருகினால் பாய்ந்துவிடும்; ஆஃப் செய்துவிட்டுத் தள்ளுங்கள்.

கடையைச் சுற்றி ஒரு ரவுண்டு போதாது. பின்னால் ஆளை உட்காரவைத்து, கிருமாம்பாக்கம் வரை எதிர்க்காற்றில் ஓட்டி, பேட்டரி சார்ஜ் எத்தனை சதவீதம் குறைகிறது என்று பாருங்கள். விளம்பரத்தில் சொல்லும் தூரம் நம் சாலையில் கிடைக்காது.

பதில் 2:
மாடி வீட்டுக்குக் கழற்றும் பேட்டரிதான் வசதி. ஆனால் கனமாக இருக்கும், கடையிலேயே தூக்கிப் பாருங்கள் அண்ணா. 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓடும் 250 வாட் வண்டிக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பார்கள். உங்கள் தூரத்துக்கு அது ஆகாது.

கேட்டவர்:
நன்றி அண்ணா. ஞாயிறு காலை மனைவியையும் அழைத்துக்கொண்டு போகிறேன்.